கேன்சர் சிகிச்சைக் காலத்தில் வேலை: விடுவதா, விடுப்பில் போவதா, போய்க்கொண்டே பார்ப்பதா?

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த வாரமே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "வேலை கெடக்குது, எழுதிக் குடுத்துட்டு வா. மொதல்ல உடம்பைப் பாரு." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் நான் பார்த்த குடும்பங்களில் பணத்துக்கு ரொம்பவும் திண்டாடியவர்கள், அந்தப் பேச்சைக் கேட்டு முதல் வாரத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்கள்தான். சிகிச்சை முடிய ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். சம்பளம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), கம்பெனி இன்ஷூரன்ஸ் மூன்றும் அதிகம் தேவைப்படுகிற காலம் அதுதான்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவள் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். அவளோடு ஆஸ்பத்திரிக்கும் டிஸ்பென்சரிக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதையும், அப்புறம் தெருவில் மற்றவர்களுக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். என்ன மருந்து, ஆபரேஷன் வேண்டுமா என்பதெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்வது. வேலையை என்ன செய்வது என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும். நான்கு வழி இருக்கிறது. கீமோ நாட்களுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். மொத்தமாக நீண்ட விடுப்பில் போகலாம். லேசான வேலைக்கோ வேறு ஷிப்டுக்கோ மாற்றிக் கேட்கலாம். அல்லது வேலையை விட்டுவிடலாம்.

இதில் எது சரி என்று நோயின் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, செய்வது என்ன வேலை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கட்டம் மாறும்போது முடிவையும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றவே முடியாதது ராஜினாமா ஒன்றுதான். அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் சிகிச்சையின் காலண்டர்

முதல் ஓ.பி.யிலேயே டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி: எத்தனை கீமோ, எத்தனை நாள் இடைவெளி, ஆபரேஷன் எப்போது, கரண்ட் வைப்பது எத்தனை நாள்? நம் பக்கத்தில் ரேடியேஷனைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். இந்த நான்கையும் ஒரு காலண்டரில் குறித்த பிறகுதான் வேலையைப் பற்றிப் பேசவே முடியும்.

கீமோ பல பேருக்கு 21 நாளுக்கு ஒரு முறை இருக்கும். முதல் மூன்று நான்கு நாள் குமட்டல், வாய்க் கசப்பு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போவது. அதற்கு அடுத்த வாரம் உடம்பு தேறியதுபோலத் தெரியும். உடனே டியூட்டிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் பொதுவாக ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். 'கவுன்ட் கம்மியா இருக்கு' என்று நர்ஸ் சொல்வது இதைத்தான். ஆள் பார்க்க நன்றாக இருப்பார், கிருமியை எதிர்க்க உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த வாரத்தில் காலை நேரக் கும்மிடிப்பூண்டி ரயிலில் நெருக்கிக்கொண்டு வேலைக்குப் போவது, நான்கு வழிகளிலும் எனக்கு மிகவும் பயம் தருவது. லீவு குறைவாக இருந்தால் முதல் நான்கு நாளோடு இந்த இரண்டாம் வாரத்துக்கும் எடுத்து வையுங்கள். மூன்றாம் வாரம் பெரும்பாலானவர்களால் வேலை பார்க்க முடியும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு ஷிப்டை முடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நள்ளிரவாக இருந்தாலும் சரி.

மருந்துக்கு மருந்து விளைவு வேறு. அக்காவுக்கு முதல் நான்கு கீமோவில் குமட்டல்தான் பிரச்சினை. அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து தொடங்கியதும் குமட்டல் நின்றது, ஆனால் விரல் நுனி மரத்துப்போனது. பட்டுச் சேலையை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி மடிக்கும்போது ஓரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. விலைச்சீட்டின் குண்டூசி குத்தி ரத்தம் வந்த பிறகுதான் கவனித்தாள். தையல் மெஷின், லேத், மீன் வெட்டுவது போன்ற வேலைகளில் இருப்பவர்கள் இந்த மரத்துப்போவதைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான், காத்திருப்புதான் நேரத்தைத் தின்னும். மார்பகத்துக்கு இப்போது பல இடங்களில் மூன்று வாரத்தில் 15 முறை கொடுத்து முடித்துவிடுகிறார்கள். வாய், தொண்டைக்கு ஆறு ஏழு வாரம். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. களைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசி வாரத்திலும் முடிந்த பிறகும்தான் ஆளைச் சாய்க்கும். வாய், தொண்டைக்குக் கரண்ட் வைப்பவர்களுக்குப் புண்ணில் சோறு இறங்காது, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரலாம். அவர்கள் அந்த மாதங்களில் வேலைக்குப் போகும் யோசனையை விட்டுவிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறாக, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப், மார்பகத்துக்கு டமாக்சிஃபென் என்று தினம் ஒரு மாத்திரையில் போகிற சிகிச்சையும் உண்டு. அதில் பெரும்பாலானவர்கள் வழக்கமான வேலையைத் தொடர்கிறார்கள்.

போய்க்கொண்டே பார்ப்பது யாருக்குச் சரி

பாரிமுனையில் கணக்கு எழுதுபவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூட அலுவலகத்தில் இருப்பவர் போன்றவர்களுக்கு இது நல்ல வழி. சம்பளம் முழுசாக வரும். அதைவிட, நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்து நோயையே நினைத்துக்கொண்டிருப்பதைவிட நாலு பேரோடு இருப்பது பலருக்கு மனத்துக்கு நல்லது. முதல் கீமோவுக்கு மட்டும் இடைவெளி முழுவதும் லீவு போட்டு, எந்த நாள் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிலருக்கு மறுநாள்தான் மோசம், சிலருக்கு மூன்றாம் நாள். அதைப் பார்த்த பிறகு, மோசமான நாள் சனி ஞாயிறில் விழும்படி கீமோ நாளைக் கேட்டுப் பார்க்கலாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் முடியாது, கேட்பதில் தப்பில்லை.

வியாசர்பாடிப் பட்டறையில் லேத் ஓட்டுபவர், மணலியில் கான்ட்ராக்டில் வெல்டிங் செய்பவர், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், குப்பை அள்ளுபவர், காசிமேட்டில் பச்சை மீனைக் கையாளுபவர் இவர்களுக்கு இந்த வழி வேண்டாம். குமட்டலுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. கவுன்ட் குறைந்த நேரத்தில் குப்பையிலும் பச்சை மீனிலும் கைவைத்தால் சின்னக் கீறல்கூடப் பெரிதாகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் விட்டு விட்டு லீவு எடுத்தால் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாளுக்குப் பலன் கிடையாது. முந்தைய நோய் விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் அடுத்தது தொடங்கினால் மட்டும் இந்த இரண்டு நாள் பிடித்தம் இல்லை. 21 நாள் கீமோவில் ஐந்து நாள் லீவு போட்டால் இடையில் 16 நாள் வந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் ஒவ்வொரு கீமோவுக்கும் இரண்டு நாள் பணம் போகும். கவுன்ட் குறையும் வாரத்தையும் சேர்த்து லீவு போட்டால் உடம்புக்கும் நல்லது, இந்த நஷ்டமும் இல்லை.

நீண்ட விடுப்பு: ஈ.எஸ்.ஐ. இருந்தால்

ஈ.எஸ்.ஐ. என்றாலே டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவது, அயனாவரம் ஆஸ்பத்திரி என்ற அளவில்தான் நம்மில் பலருக்குத் தெரியும். நோயில் படுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும் என்பது சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கே தெரிவதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 135 ரூபாய் பிடித்திருப்பார்கள். சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரண நோய் விடுப்புக்கு, உரிய ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அது தீர்ந்த பிறகு, புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டித்த பலன் உண்டு. அதில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. இதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்கவேண்டும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்கவேண்டும். 18,000 சம்பளத்துக்கு நாள் கூலி 600 என்று வைத்தால், முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 12,600 ரூபாய் அளவில் வரும், அப்புறம் 14,400 அளவில். வைத்தியம் ஈ.எஸ்.ஐ. மூலமே நடக்கும். அங்கே இல்லாத சிகிச்சைக்கு அவர்களே வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்கள். அந்த ரெஃபரல் தாள் இல்லாமல் நாமாகத் தனியாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டு, அப்புறம் பில்லை எடுத்துக்கொண்டு அலைவது பெரும்பாடு.

உடம்பு உழைப்பு வேலையில் இருக்கும், ஈ.எஸ்.ஐ. உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 18,000 சம்பளக்காரருக்கு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 5,400 ரூபாய் அளவிலும், அப்புறம் 3,600 அளவிலும் குறையும். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே பார்த்தாலும் பாதி நாள் சம்பளம் பிடித்தம்தான். அதோடு, 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தன் 73-ஆம் பிரிவிலேயே, நோய்ப் பலன் வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று சொல்லிவைத்தது. பேப்பரில் விடுப்பு என்று இருப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அது ஒன்றும் செய்யாது. எங்கள் தெருவில் ஒருவரை அவர் வேலை பார்த்த கம்பெனியில் கூப்பிட்டு, "இப்ப ரிசைன் பண்ணுங்க, குணமானதும் திரும்ப எடுத்துக்கறோம்" என்று வாயால் சொன்னார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஈ.எஸ்.ஐ. எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஆளாகப் பதிந்து புது எண் வாங்கிவிட்டால், பழைய சந்தா எல்லாம் வேறு பெயரில் கிடப்பதுபோல ஆகிவிடும். அந்த இரண்டு வருடக் கணக்கு அடிபடும். பழைய எண்ணைக் கொடுத்து அதிலேயே கட்டச் சொல்லுங்கள். பலன் வாங்கும் நாட்களில் வேறு இடத்தில் கூலிக்குப் போகவும் கூடாது. சர்டிபிகேட்டைத் தேதி விடுபடாமல் டிஸ்பென்சரியில் வாங்கி வாருங்கள். இடையில் நாள் விட்டுப்போனால் அந்த நாளுக்குப் பணம் நிற்கும். இதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். கீமோவில் இருப்பவரை வரிசையில் நிறுத்த வேண்டாம்.

21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்குக் கம்பெனி விடுப்பு விதிதான். ஈட்டிய விடுப்பு, மெடிக்கல் லீவு, அப்புறம் சம்பளமில்லாத விடுப்பு என்ற வரிசையில் கேளுங்கள். சம்பளமில்லாவிட்டாலும் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும்வரை கம்பெனி மெடிக்ளைம் ஓடுமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லேசான வேலை

இது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. கேட்காமல் கிடைக்காது. கேட்கும்போது "முடியலை சார்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, டாக்டரின் சீட்டோடு குறிப்பாகச் சொல்வது பலிக்கும்: அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையால் கனம் தூக்கக் கூடாது, இத்தனை தேதி வரை, காலை ரேடியேஷன் முடிந்து பதினொன்றரைக்கு வருவேன், மூன்று வாரம். தேதி இருந்தால் முதலாளிக்கும் ஆள் போட வசதி.

அக்காவைச் சேலைப் பிரிவிலிருந்து எடுத்து பில்லிங் பக்கம் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியே கொண்டுவந்துவிட்டார்கள். அதைச் சொல்லிக் கேட்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது, நான்தான் சூப்பர்வைசரிடம் பேசினேன். இது சலுகை கேட்பது ஆகாது. கேன்சர் இல்லாதவருக்கும் உள்ள உரிமை.

ரேடியேஷன் காலத்துக்கு இந்த வழிதான் நீண்ட விடுப்பைவிட மேல் என்று நினைக்கிறேன், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு சென்ட்ரல் எதிரில் உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு வண்டி மாறாமல் போகலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, டாக்டர் சாந்தா வளர்த்தது, அதன் மேல் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கை நியாயமானது. ஆனால் எண்ணூரிலிருந்து பீச் ஸ்டேஷன் வந்து, பறக்கும் ரயில் மாறி, கஸ்தூரிபா நகரில் இறங்கித் தினமும் போய் வந்தால் அரை நாள் போய்விடும். அங்கேதான் வைத்தியம் என்றால் அந்த வாரங்களுக்கு விடுப்பே போடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சிகிச்சை கிடைக்கும் என்று டாக்டர் சொன்னால், தூரத்தையும் கணக்கில் சேர்ப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். பாதியில் நின்றுபோகாமல் முடிப்பதுதான் முக்கியம்.

ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, கம்பெனியும் இல்லை என்றால்

வீட்டு வேலை செய்பவர், கூடையில் மீன் விற்பவர், தட்டுவண்டிக்காரர் இவர்களுக்கு விடுப்பு என்ற ஒன்றே கிடையாது. இவர்கள் வேலைக்கு முன்னால் காப்பீட்டைப் பார்க்கவேண்டும். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். கார்டு இன்னும் எடுக்காதவர்கள் ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீசில் கேளுங்கள். பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிடலாம்.

வேலையைப் பொறுத்தவரை இவர்களுக்கு நான் பார்த்ததில் பலன் தந்தது, மாற்று ஆளை நாமே விட்டுவைப்பது. நாலு வீட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா, கீமோ மாதங்களில் இரண்டு வீட்டைத் தன் தங்கைக்கும் ஒரு வீட்டை மருமகளுக்கும் விட்டார். சமையல் மட்டும் உள்ள ஒரு வீட்டைக் கவுன்ட் நன்றாக இருக்கும் வாரங்களில் தானே பார்த்தார். வீட்டுக்காரம்மாக்களிடம் நோயை மறைக்கவில்லை. வீடு வெளி ஆளிடம் போயிருந்தால் திரும்பக் கிடைத்திருக்காது. மீன் விற்பவர்கள் தங்கள் இடத்தை, பக்கத்தில் வியாபாரம் செய்பவரிடம் பேசி ஒப்படைக்கலாம். மகளிர் குழுக் கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே தலைவியிடம் சொல்லிவிடுங்கள். தவறிய பிறகு சொன்னால் அதே விஷயம் வேறு மாதிரி கேட்கும்.

விடுவது எப்போது சரி

சரியாக இருக்கும் நேரமும் உண்டு. கணவர் அல்லது மனைவியின் வேலையில் ரயில்வே மருத்துவமோ நல்ல மெடிக்ளைமோ இருந்து, ஓய்வுக்கும் கொஞ்ச காலமே இருந்தால் விடலாம். நோய் முற்றிய நிலையில், இருக்கும் காலத்தைப் பிள்ளைகளோடு கழிக்கவேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அதற்கு மேல் யாரும் கணக்குச் சொல்லக் கூடாது. அதே நிலையில் கடைசிவரை டியூட்டிக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுபவரையும் தடுக்க வேண்டாம், முடிந்தவரை கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் பி.எஃப். பணத்துக்காக விடாதீர்கள். வேலையை விட்டால்தான் பி.எஃப். எடுக்க முடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நோய்க்கு என்று வேலையில் இருந்துகொண்டே முன்பணம் எடுக்கலாம். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) வழக்கமாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும், நாலரை வருடத்தில் எழுதிக் கொடுப்பது வீண் நஷ்டம். கம்பெனி மெடிக்ளைம் உள்ளவர்கள் விடுவதற்கு முன்பே, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கவேண்டும். வெளியே வந்து புதிதாகக் கேட்டால் கேன்சரை ஏற்கெனவே உள்ள நோய் என்று சொல்லி, கொடுத்தாலும் மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம்.

திரும்பிப் போகும்போது

கடைசி கரண்ட் முடிந்த மறுநாளே டியூட்டியில் சேர்வதாக ஒத்துக்கொள்ளாதீர்கள். களைப்பு இன்னும் சில வாரம் இருக்கும். ஃபிட்னஸ் சர்டிபிகேட் எழுதும்போதே, முதல் இரண்டு வாரம் அரை நாள், கனம் தூக்கக் கூடாது என்பதை டாக்டரிடம் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் தனியாக ஒரு சீட்டு வாங்க மறுபடி ஒரு நாள் ஓ.பி. வரிசையில் நிற்கவேண்டிவரும். டிராஸ்டுசுமாப் போன்ற ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு முறை வருடம் முழுக்கப் போகிறவர்கள் அந்த நாட்களைச் சேரும் அன்றே காலண்டரில் குறித்துக் கொடுத்து, அந்த நாட்களை எந்த லீவில் கழிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.